ஜாடி பார்த்தியா?

என் மேசைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் அதே தண்ணீர், அதில் ஒரு துளி வாழைப்பழ எண்ணெய். காலையிலிருந்து இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூடியைத் திறந்து திறந்து முகர்கிறேன். எது தண்ணீர், எது எண்ணெய் என்று எனக்குத் தெரியவில்லை. மூடியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. பதினோரு முறை பார்த்ததில் ஆறு முறை தவறு. கண்ணைக் கட்டிக்கொண்டு காசு சுண்டினாலும் இதே அளவுக்குத்தான் தேறும்.

ஜாடிகளுக்குப் பக்கத்தில் நம் பழைய சோதனைப் பதிவேடு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஓர் அழிப்பான். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை இந்தப் பதிவேடு ஸ்கேனுக்குப் போகிறது. அதற்குள் நீ பென்சிலில் எழுதிய ஒரு வரியை நான் அழிக்க வேண்டும், அல்லது அதற்குப் பதில் எழுத வேண்டும். இரண்டையும் செய்யாமல் மூன்று முறை எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர், "இன்னா சார், லீவு நாள்ல கூடவா?" என்று கேட்டார். அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் பத்தொன்பது வருஷம் நாம் பேசவில்லை. ஒரே காம்பவுண்டுக்குள், நடுவில் ஒரு வேப்பமரமும் சைக்கிள் ஸ்டாண்டும் மட்டும் இருந்த இரண்டு கட்டடங்களில் பத்தொன்பது வருஷம். உன் சாவுக்கும் நான் வரவில்லை. உன் வீடு இருக்கும் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கியது உண்மை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன். மனைவியிடம் மாலை போட்டேன் என்று பொய் சொன்னேன்.

போரில் வீசக்கூடிய நச்சு வாயுவையும் நோய்க்கிருமியையும் கண்டுபிடிப்பதும் தடுப்பதும் நம் ஆய்வுக்கூடத்தின் வேலை. நீ கண்டுபிடிக்கும் பிரிவு, நான் தடுக்கும் பிரிவு. நச்சுத் துளி பட்டால் நிறம் மாறும் காகிதத்தை நீ செய்துகொண்டிருந்தாய். மீட்புப் பணிக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் முகமூடியை நான் செய்துகொண்டிருந்தேன். "நான் தீ புட்சிகிச்சுன்னு கத்துற ஆளு, நீ தண்ணி ஊத்துற ஆளு. நான் கத்தாங்காட்டி நீ எங்க ஊத்துவ?" என்று சீண்டுவாய். நான் ரப்பர் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு விருதுநகரிலிருந்து வந்தவன். நீ சேக்காட்டிலேயே பிறந்தவன், எம்.எஸ்.சி.யோடு நிறுத்திக்கொண்டவன். உன் அப்பா கத்தரிக்காய் போட்ட நிலத்தில் எழும்பிய அடுக்ககத்தில்தான் இன்றும் நான் குடியிருக்கிறேன். "எங்க தோட்டத்துல மூணாவது மாடில குந்திகினு எங்களுக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றியா?" என்று நீ கேட்டால் கேன்டீனே சிரிக்கும். நானும் சிரித்தேன். அப்போது எனக்குச் சிரிக்க வரும்.

எண்ணெய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். வாழைப்பழ மிட்டாயில் வருமே ஒரு வாசனை, அதைத் தரும் திரவம்தான் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லாதது. முகமூடி கசிகிறதா என்று பார்க்க நிஜமான நச்சு வாயுவை விட முடியாது என்பதால் இதை வைத்துப் பார்ப்போம். பாலித்தீன் விரிப்பில் கட்டிய சின்னக் கூடாரம். உள்ளே இந்த எண்ணெயில் நனைத்த துணி தொங்கும். முகமூடி அணிந்தவர் உள்ளே நின்று தலையைத் திருப்புவார், குனிவார், நிமிர்வார், பிறகு எதையாவது சத்தமாகப் படிப்பார். பேசும்போது தாடை அசையும். கசிவு இருந்தால் அப்போது தெரிந்துவிடும். படிப்பதற்கென்று நம் கூடத்தில் யாரோ கேன்டீன் மெனுவை ஒட்டி வைத்திருந்தார்கள். வாழைப்பழ வாசனை வந்தால் முகமூடி தோல்வி. வராவிட்டால் வெற்றி.

ஆனால் வாசனை வரவில்லை என்று சொல்பவருக்கு முதலில் மூக்கு வேலை செய்ய வேண்டும். அதற்குத்தான் ஜாடி. முகமூடி மாட்டுவதற்கு முன், வேறொரு அறையில் இரண்டு ஜாடிகளை நீட்டி எதில் எண்ணெய் என்று கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால்தான் கூடாரத்துக்குள் போகலாம். எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தவர் அன்றைக்குச் சோதனைக்கு நிற்கக் கூடாது. அரை மணி நேரம் அந்த வாசனைக்குள் இருந்தால் மூக்கு மரத்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். "மொதல்ல மூக்க கேளு மாமே, அப்பால முகமூடிய கேளு" என்பாய் நீ.

எனக்கு உதவியாளர் கேட்டு மூன்று முறை எழுதினேன். தரவில்லை. தராதவர்களின் பெயர்கள் எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். அதனால் நானே பாட்டிலைத் திறந்தேன், நானே துணியை நனைத்தேன், நானே முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே நின்று மெனுவைப் படித்தேன். ஐந்து வருஷம். ஜாடிக்கு நேரமில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பதிவேட்டைத் திறந்து, ஜாடி என்று போட்டிருக்கும் கட்டத்தில் மாதம் முழுமைக்கும் சேர்த்து டிக் போட்டுவிடுவேன். அதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. காலையில் பல் தேய்த்தாயா என்று கேட்கும் கட்டம் மாதிரி அது எனக்கு.

ஒரு சாயங்காலம் ஆவடியில் மின்சார ரயில் ஏறினோம். அப்போது நான் கொரட்டூரில் வாடகைக்கு இருந்தேன். நீ உன் சித்தி வீட்டுக்குப் போக என்னோடு வந்தாய். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா மூக்கைச் சுருக்கி, "யாருப்பா பழம் வச்சிகினு கீறது? நசுங்கிடப் போவுது, பாத்துக்க" என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"இன்னா மாமே, நெஜமாவே தெர்லியா? உன் மேலதான் வருது. சட்ட, தல, அல்லாம். ஒரு தாரே ஏறி குந்தினா மாரி கீது."

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றேன்.

நீ சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்சம் பார்த்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தப் பார்வை இந்த வாரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன் வந்திருந்தாலும் வேறு அர்த்தம்தான் எடுத்திருப்பேன்.

நாம் செய்தவற்றை ஏற்கலாமா என்று பார்க்கும் குழு வந்த நாள். உன் காகிதமும் என் முகமூடியும் ஒரே நாளில் பார்வைக்கு. காலையில் நீ என் அறை வாசலில் வந்து நின்றாய். உள்ளே வராமல், கதவைப் பிடித்துக்கொண்டு, "ஜாடி பாத்தியாடா?" என்றாய்.

"போடா, அஞ்சு வருஷமா போட்டுப் பார்த்தவன் நான். எனக்கு ஜாடியா?"

"டாக்டர் பட்டம் வாங்குன மூக்குன்னா ஜாடி வாணாமா?"

"உன் காகிதத்தைப் போய்ப் பாரு."

நீ போய்விட்டாய். ஒரு மணி நேரம் கழித்துக் குழுத் தலைவர், "இந்தப் பிரிவைச் சேராத ஒருத்தர் முகமூடியைப் போட்டுக்கட்டும்" என்றார். பத்துப் பேர் நின்றார்கள். உன்னைக் கைகாட்டியது நான்தான். உனக்கு வாசனை வராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியே கொஞ்சம் வந்தாலும் நீ விட்டுக்கொடுப்பாய் என்று நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். எழுதுவதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு ஜாடி காட்டினார்கள். முதல் தடவையே சரியாகச் சொன்னாய். கூடாரத்துக்குள் போய்த் தலையைத் திருப்பினாய், குனிந்தாய், நிமிர்ந்தாய். படிக்க ஆரம்பித்தாய். முகமூடிக்குள்ளிருந்து உன் குரல் குடத்துக்குள் பேசுவது போல வந்தது. "திங்கள், சாம்பார் சாதம், உருளை. செவ்வாய், புளி சாதம், அப்பளம். புதன், லெமன் சாதம்..." அங்கே நின்றாய். கையைத் தூக்கினாய்.

"வருது" என்றாய்.

நான் பாலித்தீனுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சரியா மாட்டியிருக்க மாட்ட, பட்டையை இழு" என்றேன். இழுத்தாய். மறுபடி படித்தாய். மறுபடி அதே இடத்தில், "வருது சார்" என்றாய், குழுவைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். என் முகமூடியை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஊர்க்காரர்களின் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். அதே நாள் மத்தியானம் உன் காகிதம் தேறியது. எனக்கு வர வேண்டிய பதவி ஆறு வருஷம் தள்ளிப்போனது. இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அடுத்த வாரம் கேன்டீனில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "அவனுக்கு வாசனை வரலை. பதவி ஆசை வந்துச்சு." நீ இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாய். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாய். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னேன். உன் பிரிவுக்கு மாறிப் போனவர்களிடமும் சொல்லி அனுப்பினேன். இருபது வருஷமாகப் புதன்கிழமைகளில் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன்.

இப்போது ஆம்புலன்ஸில் போகிறவர்களுக்காக ஒரு புது முகமூடி செய்திருக்கிறோம். விளிம்பு அமைப்பு என் பழையதுதான். தாடைப் பகுதியை மட்டும் நித்யா மாற்றினாள். நித்யா என் பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன விஞ்ஞானி. போன செவ்வாய்க்கிழமை சோதனைக்கு நானே நிற்கிறேன் என்றேன். அவள் இரண்டு ஜாடிகளைக் கொண்டு வந்து வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்மா."

"எல்லாருக்கும் உண்டு சார்."

முகர்ந்தேன். "இது" என்றேன்.

"இல்ல சார், அது தண்ணி."

மாற்றி வைத்தாள். மறுபடி தவறு. மூன்றாம் முறை அவள் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கொரோனாவில போன மூக்கும்மா, முன்னெல்லாம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

"இருக்கலாம் சார். எப்போலேர்ந்துன்னு பழைய ரெஜிஸ்டர்ல பார்த்தாத் தெரிஞ்சிருமே, ஜாடிக்குன்னு ஒரு கட்டம் இருக்குமே" என்று சொல்லிவிட்டு, ஸ்கேனுக்காக அடுக்கி வைத்திருந்த கட்டிலிருந்து என் பதிவேட்டை எடுத்து வந்தாள். புரட்டினாள். "சூப்பர் சார், ஒரு நாள்கூட மிஸ் ஆகலை."

பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை டிக். எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில். ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் டிக்.

நித்யா அதைக் கவனித்தாளா தெரியவில்லை. அவள் விரல் ஓரத்தில் வேறொன்றைத் தொட்டது. "சார், இங்க பென்சில்ல யாரோ எழுதியிருக்காங்க. அழிச்சிட்டு அனுப்பிடவா?"

'ஜாடி பார்த்தியா?'

உன் கையெழுத்து. 'ஜ' போடும்போது வாலைத் தேவைக்கு மேல் சுழிப்பாய். இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் முகமூடி தோற்ற பிறகு, ஏன் தோற்றது என்று பார்த்து எழுதித் தரும்படி அன்றைய இயக்குநர் உன்னிடம்தான் பதிவேட்டைக் கொடுத்தார். உன்னிடம் அது இரண்டு நாள் இருந்தது. பழுப்புக் கவரில் திரும்பி வந்ததை நான் பிரிக்காமலே அலமாரியில் எறிந்தேன். உன் அறிக்கையின் நகல் மட்டும் கைக்கு வந்தது. 'தாடை அருகே விளிம்பு சரியாக உட்காரவில்லை, வடிவத்தை மாற்றிப் பார்க்கலாம்' என்று நான்கு வரி. ஜாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிக்குகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ எழுதியிருந்தால் மெமோவோடு விட்டிருக்க மாட்டார்கள், வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள்.

மூன்று நாள் இருப்புக்கொள்ளவில்லை. நேற்று சாயங்காலம் நெமிலிச்சேரிக்குப் போனேன். இந்த முறை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேன். உன் மனைவி செல்விதான் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆனது.

"இன்னாண்ணா, இப்பதான் வழி தெர்ஞ்சுதா?"

உள்ளே உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். டம்ளரை வைத்த சத்தத்திலேயே என்மேல் உள்ள கோபம் தெரிந்தது. அது நியாயம். உன் படத்தைப் பார்க்காமல், என்னைப் பற்றி நீ ஏதாவது சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"உங்கள பத்திப் பேசவே மாட்டாரு. நீங்க கேன்டீன்ல பேசினதெல்லாம் எங்காதுக்கு வந்துச்சு. ஒரு தபா நாந்தான் கத்தினேன், அந்தாளு உன்ன பொய்யன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறான், நீ வாய மூடிகினு கீறியேன்னு."

"என்ன சொன்னான்?"

செல்வி புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "'அவன் பொய் சொல்லல செல்வி, அவனுக்கு நெஜமாவே வாசன வர்ல. மூக்கு செத்துப்போச்சு. அத அவனாண்ட எப்டி சொல்றது'ன்னாரு. அவ்ளோதான். அப்பால அந்தப் பேச்சே இல்ல."

நான் காபியைக் குடித்து முடித்தேன். வாசல் வரை வந்தவர், "கேன்டீன்ல பேசினத கேன்டீன்லதான்ணா மாத்திச் சொல்லணும். என்னாண்ட வந்து குந்தினா இன்னா ஆவப்போவுது?" என்றார்.

உன்மேல் இப்போதும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் மறைக்கப்போவதில்லை. இவ்வளவு தெரிந்தவன் என் சட்டையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று கேட்டவன் உள்ளே வந்து ஜாடியை என் மூக்கில் வைத்திருக்கலாம். பென்சிலில் எழுதினாய், அதுவும் ஓரத்தில், நான் வேண்டுமென்றால் அழித்துக்கொள்ளட்டும் என்று. உன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று என் வேலையைக் காப்பாற்றி வைத்தாய். எனக்கு அந்தப் பெருந்தன்மை பிடிக்கவில்லை. நீ என்னைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. நீ கத்துகிற ஆள் என்றாய், என் விஷயத்தில் மட்டும் மெதுவாகப் பேசிவிட்டாய்.

இன்னொன்றும் மண்டையைக் குடைகிறது. நீ அன்றைக்கு "வரலை" என்று சொல்லியிருந்தால்? என் முகமூடி தேறியிருக்கும். எங்கோ ஒரு தொழிற்சாலையிலோ எல்லையிலோ யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு, என்னை நம்பி உள்ளே போயிருப்பார். அங்கே வாழைப்பழ வாசனை வந்து எச்சரிக்காது. வாசனையே இல்லாத நச்சு உண்டு. இதை இருபது வருஷத்தில் ஒரு நாளும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் பதவியை நினைத்தேன், உன் காகிதத்தை நினைத்தேன், லெமன் சாதத்தைக்கூட நினைத்தேன்.

அழிப்பானை இழுப்பறைக்குள் போட்டேன். பேனாவை எடுத்து உன் பென்சில் வரிக்குக் கீழே எழுதினேன்: 'பார்க்கவில்லை. இந்தப் பதிவேட்டில் ஒரு நாளும் பார்க்கவில்லை. டிக் எல்லாம் மாதத்தின் முதல் நாளில் நான் போட்டவை.' கையெழுத்துப் போட்டு இன்றைய தேதியையும் போட்டேன். பிறகு உன் கேள்வி ஸ்கேனில் மங்கிவிடக் கூடாதே என்று அதன் மேலும் பேனாவால் ஓட்டினேன். உன் 'ஜ'வின் வாலைச் சுழிக்க எனக்கு வரவில்லை.

புது முகமூடி வேலையாக வந்திருந்த நித்யா எட்டிப் பார்த்தாள். படித்தாள்.

"சார், இது ஸ்கேன்ல விழுமே."

"விழட்டும்மா."

"கேட்டது யாரு சார்?"

உன் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயருக்கு முன்னால் இருபது வருஷமாக நான் சேர்த்துவந்த 'பொய்யன்' என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. "பக்கத்து பிரிவுல இருந்தான். அன்னிக்கு அவனுக்கு வாசனை வந்துச்சு. எனக்குத்தான் வரலை" என்றேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். இனி கேன்டீன் இருக்கிறது. செல்வி சொன்னதுபோல அங்கேதான் சொல்ல வேண்டும். வருகிற புதன்கிழமை சாப்பாடு கட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்லப்போகிறேன்.

நித்யா ஜாடிகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. "வச்சுக்குங்க சார், தினமும் மோந்து பார்த்தா சில பேருக்குத் திரும்பி வருதாம்" என்றாள். எனக்கு வருமோ தெரியாது. ஆனால் முகமூடியோடு இந்த அறைக்குள் யார் நுழைந்தாலும், அது இயக்குநராகவே இருந்தாலும், உன் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். நானும் அதற்கு விலக்கு இல்லை.

அவள் போன பிறகு இரண்டையும் மாற்றி வைத்துக் கண்ணை மூடினேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். இடது கைப் பக்கம் இருப்பதில் லேசாக ஏதோ இருப்பதுபோலத் தோன்றியது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர்.

புதுப் பதிவேட்டைத் திறந்து, ஜாடி என்ற கட்டத்தில், என் பெயருக்கு நேராக ஒரு பெருக்கல் குறி போட்டேன். இன்றைய நாளுக்கு மட்டும்.